லாங்குவேஜ் ஓடுது, டாக்குமென்டேஷன் எப்ப எழுதறது?

கேட்டது இதுதான்: சொந்தமா சின்னதா ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் செஞ்சிருக்கேன், பார்ஸர் (கோட படிச்சு அமைப்ப பிரிக்கற பகுதி) ஓடுது, இன்டர்பிரெட்டர் (அத ஓட்டற பகுதி) ஓடுது, ஓப்பன் சோர்ஸா வெளிய விடணும், டாக்குமென்டேஷன எப்ப ஆரம்பிக்கலாம், எந்தெந்த டூல் முதல்ல வேணும், லைசன்ஸ் என்ன போடலாம். மூணுக்கும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

டாக்குமென்டேஷன இன்னிக்கே ஆரம்பிங்க, அடுத்த ஃபீச்சர் சேர்க்கறதுக்கு முன்னாடியே. லாங்குவேஜ் முழுசா முடியட்டும் அப்புறமா உக்காந்து எழுதிக்கலாம்னு நிறைய பேர் தள்ளிப் போடறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு கிடையாது, ஏன்னா எழுதறதும் டிசைன் வேலைதான். ஒரு ஃபீச்சர விளக்கி நாலு வரி எழுதிப் பாருங்க, அந்த நாலு வரிக்குள்ள "ஆனா இந்த இடத்துல மட்டும்", "இத தவிர"ன்னு ரெண்டு மூணு தடவ வந்துச்சுன்னா வரிய மெருகேத்திட்டு உக்காந்திருக்க வேணாம், திரும்பப் போய் பார்ஸர மாத்துங்க. இப்ப உங்க லாங்குவேஜ யாரும் யூஸ் பண்ணல, அதனால எத வேணா மாத்தலாம், இந்த சுதந்திரம் ரொம்ப சீக்கிரம் போயிடும்.

எவ்ளோ சீக்கிரம்னா, சி லாங்குவேஜ்ல & ஆபரேட்டர எடுத்துக்கோங்க, ரெண்டு எண்ண பிட் பிட்டா சேர்த்துப் பார்க்கற குறி அது, ==ங்கறது ரெண்டும் சமமான்னு பார்க்கறது. 'எக்ஸ் & 1 == 0'ன்னு எழுதினா முதல்ல 1 == 0 தான் கணக்காகும், அதுக்கப்புறம்தான் & வரும், எழுதினவர் நினைச்சது அப்படியே தலைகீழா போயிடும். முன்னாடி பி லாங்குவேஜ்லயும் ஆரம்ப கால சி லாங்குவேஜ்லயும் & ஒண்ணே கண்டிஷனுக்கும் பிட் வேலைக்கும் சேர்த்து இருந்துச்சு, கண்டிஷனுக்குன்னு && தனியா வந்தப்ப & ஓட முன்னுரிமைய மேல ஏத்தியிருக்கலாம், ஏத்தல. சி லாங்குவேஜ உருவாக்கின டென்னிஸ் ரிட்சியே பின்னாடி எழுதியிருக்காரு, மாத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா அப்பவே சில நூறு கிலோபைட் கோட் இருந்துச்சு, மூணு இடத்துல ஓடிட்டு இருந்துச்சுன்னு. மூணே இடம்! அதுக்காக விட்டது ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் சி ஷார்ப்புக்கும் அப்படியே போய் ஒட்டிக்கிச்சு, பைத்தான், கோ, ரஸ்ட் மூணும் & அ ==க்கு மேல வச்சு சரி பண்ணுச்சுங்க. புரோகிராம பில்ட் பண்ற மேக் (make) டூல்ல வரி ஆரம்பத்துல டேப் கட்டாயம்ங்கற விதியும் இதே கதைதான், 1976ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினப்ப ஒரு டஜன் பேர் யூஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க ஃபைலெல்லாம் உடையக்கூடாதுன்னு மாத்தாம விட்டாரு, இன்னிக்கும் புதுசா கத்துக்கறவங்க அந்த டேப்ல தடுக்கி விழறாங்க.

அதனால ரெஃபரன்ஸ் பக்கத்த முதல்ல எழுதுங்க. டுடோரியல் பிறகு போதும். ரெஃபரன்ஸ்னா ஒவ்வொரு சின்டாக்ஸுக்கும் கிராமர் விதி, அது என்ன செய்யும், எப்ப எரர் வரும், அவ்ளோதான். கோ லாங்குவேஜோட ஸ்பெக்க (அதிகாரபூர்வ விதித் தொகுப்ப) ஒரு தடவ முழுசா படிங்க, ஒரே பக்கம்தான், ஒவ்வொரு பகுதியும் கிராமர் விதில ஆரம்பிச்சு நாலஞ்சு வாக்கியம், ரெண்டு உதாரணம்னு முடிஞ்சுடும். லுவாவோட மேனுவலும் அப்படித்தான், ரியோ டி ஜெனிரோல ஒரு யுனிவர்சிட்டில 1993ல மூணு பேர் ஆரம்பிச்ச லாங்குவேஜ் அது, மேனுவல் இன்னிக்கும் ஒரே மூச்சுல படிச்சு முடிக்கற அளவுலதான் இருக்கு, லாங்குவேஜ சின்னதா வச்சிருந்ததாலதான் அது முடிஞ்சுது.

ரெஃபரன்ஸ் எழுத உக்காந்தாதான் தெரியும், நீங்க முடிவே பண்ணாம விட்டது எவ்ளோன்னு. உதாரணத்துக்கு ஸ்ட்ரிங். "ஸ்ட்ரிங்கோட நீளம் கிடைக்கும்"னு ஒரு வரி எழுதிட்டு போயிடலாம், ஆனா எதோட நீளம்? 'நி'ங்கற ஒரே எழுத்த எடுங்க, ஸ்விஃப்ட்ல கேட்டா 1ன்னு சொல்லும், பைத்தான்லயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் 2, கோலயும் ரஸ்ட்லயும் 6. எதுவும் தப்பில்ல. முதல்து கண்ணுக்கு தெரியற எழுத்த எண்ணுது, பைத்தான் 'ந'வையும் இகரக் குறியையும் தனித்தனி கோட்பாயின்டா (யுனிகோட் ஒவ்வொண்ணுக்கும் குடுத்த எண்) எண்ணுது, ஜாவாஸ்கிரிப்ட் யூடிஎஃப்-16ங்கற சேமிப்பு முறையோட யூனிட்டா எண்ணி அதே 2க்கு வருது, கோவும் ரஸ்ட்டும் யூடிஎஃப்-8 பைட்ட எண்ணுதுங்க, ஒண்ணு 3 பைட் வீதம் 6. உங்க லாங்குவேஜ்ல எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணனும், பண்ணி எழுதி வைக்கணும், இல்லன்னா நீங்க எந்த லாங்குவேஜ்ல இன்டர்பிரெட்டர் எழுதினீங்களோ அதோட முடிவு உங்களுக்குத் தெரியாமலே உங்க லாங்குவேஜுக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

வேரியபிள் பேரும் இதே மாதிரிதான். கோ ஸ்பெக்ல பேருக்கான விதி எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான் வரலாம்னு இருக்கு, யுனிகோட்ல எழுத்துன்னு வகை பிரிச்சது மட்டும். தமிழ்ல கால், கொம்பு, புள்ளியெல்லாம் யுனிகோட் கணக்குல எழுத்து வகையில வராது, சேர்ந்து வர்ற குறிங்கற வேற வகை. அதனால 'மரம்'ங்கற பேர கோல வேரியபிளா வைக்க முடியாது, 'ம்'ல இருக்கற புள்ளில பார்ஸர் நின்னுடும். பைத்தான் 3லயும், 2021ல வந்த ரஸ்ட் 1.53ல இருந்தும் வைக்கலாம், ஏன்னா அதுங்க யுனிகோட் அமைப்பே பேர்களுக்குன்னு பரிந்துரைக்கற விதிய எடுத்துக்கிச்சுங்க. ஸ்பெக்ல ஒரே ஒரு வரி, உலகத்துல பாதி எழுத்து முறைகள உள்ள விடறதும் வெளிய நிறுத்தறதும் அதுலதான் இருக்கு. இந்த வரிய தயவுசெஞ்சு யோசிச்சு எழுதுங்க.

சில விஷயத்துக்கு "இது உறுதி கிடையாது"ன்னு எழுதறதும் ஒரு முடிவுதான், ஆனா எழுதினா மட்டும் போதாது, ஆளுங்க டாக்குமென்ட பார்க்கறதில்ல, ஓட்டிப் பார்த்து என்ன வருதோ அத நம்பிடுவாங்க. கோ லாங்குவேஜ்ல மேப்ப (பேரும் மதிப்பும் ஜோடியா வைக்கறது) சுத்தி வரும்போது வரிசை உறுதி இல்லன்னு ஸ்பெக்ல எழுதினதோட நிறுத்தாம, ஒவ்வொரு தடவையும் வேணும்னே வேற இடத்துல இருந்து ஆரம்பிக்கற மாதிரி செஞ்சுட்டாங்க, யாரும் வரிசைய நம்பி கோட் எழுதவே முடியாது. பைத்தான் நேர் எதிரா போச்சு, 3.6ல, மேப் மாதிரியே இருக்கற டிக்ஷனரிய உள்ளுக்குள்ள மாத்தி எழுதினப்ப போட்ட வரிசையிலயே திரும்ப வர ஆரம்பிச்சுது, எல்லாரும் அத நம்ப ஆரம்பிச்சுடுவாங்கங்கறது தெரிஞ்சு 3.7ல லாங்குவேஜோட உறுதியாவே ஆக்கிட்டாங்க. ரெண்டுமே நேர்மையான வழி. நடுவுல நிக்கறதுதான் ஆபத்து.

அடுத்தது எரர் மெசேஜ். உங்க டாக்குமென்டேஷன்லயே அதிகமா படிக்கப்படப் போறது இதுதான், வெப்சைட்ட ஒரு தடவ பார்ப்பாங்க, எரர் மெசேஜ ஒரு நாள்ல அம்பது தடவ பார்ப்பாங்க. 2015ல எல்ம் லாங்குவேஜ் இதுல ஒரு நல்ல வழி காட்டுச்சு, தப்பான கோட அப்படியே எடுத்துக் காட்டி, எதிர்பார்த்தது என்ன, கிடைச்சது என்ன, எப்படி சரி பண்ணலாம்னு சாதாரண வாக்கியத்துல சொல்லும். ரஸ்ட் 2016ல அத பார்த்து தன்னோட எரர் வடிவத்த மாத்திக்கிச்சு, பல எரருக்கு ஒரு நம்பரும் இருக்கு, அந்த நம்பர கம்பைலர் கிட்டயே குடுத்தா முழு விளக்கமும் உதாரணத்தோட வரும். பைத்தான்ல ரொம்ப வருஷமா அடைப்புக்குறி மூட மறந்தா அடுத்த வரிய காட்டி இன்வேலிட் சின்டாக்ஸ்னு மட்டும் சொல்லிட்டு இருந்துச்சு, 3.9ல பார்ஸரையே மாத்தினாங்க, அதுக்கப்புறம் 2021ல வந்த 3.10ல இருந்து எந்த அடைப்பு மூடல, எந்த இடத்துல திறந்ததுன்னு சரியா காட்டுது.

பாருங்க, நல்ல எரர் வேணும்னா பார்ஸர் அதுக்கு இடம் குடுக்கணும். ஒவ்வொரு டோக்கனுக்கும் (கோட்ல இருக்கற தனிச் சொல் இல்லன்னா குறி) ஆரம்பம் எங்க, முடிவு எங்கங்கறத முதல் நாள்ல இருந்தே வச்சுக்கோங்க, அத ஏஎஸ்டி (பார்ஸர் கட்டற கோட் மரம்) வரைக்கும் கொண்டு போங்க, பின்னாடி சேர்க்கப் போனா ஒவ்வொரு ஃபங்ஷனையும் தொட வேண்டி வரும். கிராமர குடுத்தா பார்ஸர தானே உருவாக்கற பார்ஸர் ஜெனரேட்டர்ல எழுதியிருந்தீங்கன்னா கையால எழுதற ரிகர்சிவ் டிசென்ட்டுக்கு (விதிக்கு ஒரு ஃபங்ஷன் வீதம் எழுதற முறை) மாறிடுங்கன்னுதான் சொல்லுவேன், ஜிசிசி, கிளாங் (ரெண்டும் சி கம்பைலர்), கோ, ரஸ்ட் எல்லாமே இப்ப கையால எழுதினதுதான், எக்ஸ்பிரஷனுக்கு 1973ல வாஹன் ப்ராட் சொன்ன முறை ரொம்ப சின்னது, நூறு வரி கூட ஆகாது. அடிக்கோடு போட்டு தப்ப காட்டும்போது இடத்த பைட் கணக்குல எண்ணாதீங்க, வரில தமிழ் ஸ்ட்ரிங் ஒண்ணு இருந்தா குறி எங்கயோ தள்ளிப் போய் நிக்கும். எரர் மெசேஜுக்கும் டெஸ்ட் வேணும், ரஸ்ட்ல தப்பான ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே வரவேண்டிய அவுட்புட்ட ஒரு ஃபைலா வச்சிருப்பாங்க, யாராவது கம்பைலர மாத்தினா எந்தெந்த மெசேஜ் மாறுதுன்னு ரிவ்யூவுலயே தெரிஞ்சுடும். காப்பி அடிக்க வேண்டிய முறை.

டாக்குமென்ட்ல இருக்கற உதாரணமும் அப்படித்தான், ஓட்டிப் பார்க்கலன்னா அது பொய்யாயிடும், ஆறு மாசம் கூட ஆகாது. பைத்தான்ல டாக்குமென்ட் உதாரணத்த ஓட்டிப் பார்க்கற டாக்டெஸ்ட் ரொம்ப நாளா இருக்கு, ரஸ்ட்ல டாக் கமென்ட்டுக்குள்ள எழுதற கோட டெஸ்ட் ஓட்டும்போதே கம்பைல் பண்ணி ஓட்டிடும், கோல உதாரண ஃபங்ஷனுக்கு கீழ அவுட்புட் இதுன்னு கமென்ட் போட்டா டெஸ்ட் அத ஒப்பிட்டுப் பார்க்கும். உங்களுக்கு இவ்ளோ தேவையில்ல, மார்க்டவுன்ல இருக்கற கோட் பிளாக்க பிச்சு எடுத்து இன்டர்பிரெட்டர்ல ஓட்டற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்த சேர்க்கச் சொல்லி வர்ற கோரிக்கை) ஓட விடுங்க. வேணும்னே எரர் வரவைக்கற உதாரணத்துக்கு தனியா ஒரு குறி போட்டு, எரர் வந்தாதான் பாஸ்னு வச்சுக்கோங்க. கிராமரையும் ரெண்டு இடத்துல எழுதாதீங்க, பைத்தான்ல பார்ஸர உருவாக்கற அதே கிராமர் ஃபைல்தான் டாக்குமென்ட் பக்கத்துக்கும் போகுது.

டுடோரியலப் பத்தி ஒண்ணே ஒண்ணு, டுடோரியலும் ரெஃபரன்ஸும் ஒரே பக்கத்துல கலக்காதீங்க. புதுசா வர்றவர் கைய புடிச்சு கூட்டிட்டுப் போற பக்கத்துல விதிவிலக்கெல்லாம் வேண்டாம், டேனியலே ப்ரோசிடாங்கறவர் டாக்குமென்டேஷன டுடோரியல், செய்முறை, ரெஃபரன்ஸ், விளக்கம்னு நாலா பிரிச்சு சொல்றது இதுக்குத்தான். சின்ன புராஜெக்ட்ல நாலாவது எப்பவும் விட்டுப் போகும், நான் சண்டை போட்டாவது வேணும்னு சொல்றது அதத்தான். ஏன் இப்படி வச்சோம், ஏன் அப்படி வைக்கலங்கறது. பைத்தான்ல 2000ல இருந்து பெப்னு மாற்ற யோசனைய எழுதி வைக்கற ஒரு முறை இருக்கு, ரஸ்ட்ல 2014ல இருந்து ஆர்எஃப்சி, ரெண்டுலயும் வேண்டாம்னு ஒதுக்கின யோசனைகளுக்குன்னு ஒரு பகுதி உண்டு. பெப் 3099 முழுக்கவே பைத்தான் 3ல மாறப்போறதில்லாத விஷயங்களோட பட்டியல்தான். ஓப்பன் சோர்ஸ்ல இது உயிர் காக்கும், ஏன்னா "செமிகோலன எடுத்துடலாமே"ன்னு மாசா மாசம் ஒரு இஷ்யூ வரும், ஒவ்வொரு தடவையும் புதுசா பதில் எழுதினா சோர்ந்து போயிடுவீங்க, பதில் எழுதற மூடப் பொறுத்து பதிலும் மாறும், கேட்டவருக்கும் அது நியாயமா படாது. ஒரு ஃபோல்டர், ஒரு முடிவுக்கு ஒரு ஃபைல், பிரச்சினை என்ன, என்னென்ன யோசிச்சோம், எத எடுத்தோம், மத்தது ஏன் வேண்டாம். அரை பக்கம் போதும். தனி ஆளா இருந்தாலும் எழுதுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நீங்களே தேடுவீங்க.

டூல்ஸ். முதல்ல ஃபார்மேட்டர், கோட ஒரே ஸ்டைல்ல அடுக்கித் தர்றது. கோ 2009ல வெளிய வந்தப்பவே ஃபார்மேட்டரும் கூடவே வந்துச்சு, செட்டிங்ஸ்னு எதுவும் கிடையாது, அதனால உலகத்துல எங்க எழுதின கோ கோடும் ஒரே மாதிரி இருக்கு, ரிவ்யூவுல ஸ்பேஸ் பத்தி சண்டையே கிடையாது. பின்னாடி கொண்டு வந்தா ஏற்கனவே ஆளாளுக்கு ஒரு ஸ்டைல் புடிச்சிருப்பாங்க, விட்டுத்தர மாட்டாங்க. எழுதறப்போ கஷ்டம் கமென்ட்லதான் வரும், பெரும்பாலான பார்ஸர் கமென்ட்ட லெக்ஸர்லயே (டோக்கனா பிரிக்கற பகுதி) தூக்கிப் போட்டுடும், அப்படி போட்டுட்டா ஃபார்மேட்டர் எழுத முடியாது, அதனால ஸ்பேஸ், கமென்ட் எதையும் இழக்காத மரமா வச்சுக்கோங்க. அதே மரம் எடிட்டர் சப்போர்ட்டுக்கும் உதவும்.

எடிட்டர் சப்போர்ட்டுக்கு லாங்குவேஜ் சர்வர் ஒண்ணு எழுதுங்க, எடிட்டர் கேக்கறதுக்கு உங்க லாங்குவேஜ் சார்பா பதில் சொல்ற புரோகிராம் அது. 2016ல மைக்ரோசாஃப்ட் ரெண்டும் பேசிக்கற புரோட்டோகால வெளியிட்டதுக்கு முன்னாடி ஒவ்வொரு லாங்குவேஜும் ஒவ்வொரு எடிட்டருக்கும் தனித்தனியா பிளகின் எழுதிட்டு இருந்துச்சு, இப்ப ஒண்ணு எழுதினா அந்த புரோட்டோகால் தெரிஞ்ச எடிட்டர் எல்லாத்துக்கும் போகும். எல்லா ஃபீச்சரும் வேண்டாம், எரர் காட்டறது, டெஃபனிஷனுக்கு போறது, மவுஸ் வச்சா டாக் கமென்ட் காட்டறது, இந்த மூணும் இருந்தா ஆளுங்க தங்கி யூஸ் பண்ணுவாங்க. ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. எடிட்டர்ல இருக்கற கோட் பாதி நேரம் அரைகுறையாதான் இருக்கும், முதல் எரர்லயே நின்னுடற பார்ஸர் இங்க உதவாது, அடுத்த வரிக்கோ அடுத்த ஃபங்ஷனுக்கோ தாவி தொடரணும். இன்னொண்ணு, அந்த புரோட்டோகால்ல வரிக்குள்ள இடத்த சொல்றது யூடிஎஃப்-16 கணக்குல, 2022ல வந்த 3.17ல இருந்துதான் வேற கணக்க பேசி வச்சுக்க முடியும், இத கவனிக்கலன்னா ஆங்கிலக் கோட்ல எல்லாம் சரியா வேலை செய்யும், தமிழ் கமென்ட் இருக்கற வரில மட்டும் ரீநேம் பண்ணினா தப்பான இடத்துல வெட்டும்.

பேக்கேஜ் மேனேஜர் (மத்தவங்க எழுதின கோட இறக்கித் தர்ற டூல்) அவசரமில்ல, ஆனா புராஜெக்ட் ஃபைல் ஒண்ணு இப்பவே வேணும், அதுல இந்த கோட் லாங்குவேஜோட எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பின்னாடி எத மாத்தணும்னாலும் இந்த ஒரு வரிதான் வழி விடும். கோல ஃபார் லூப் வேரியபிள் ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா வராம இருந்தது ரொம்ப வருஷமா பக் உண்டாக்கிட்டு இருந்துச்சு, 2012ல குடுத்த கம்பாட்டிபிலிட்டி வாக்குறுதிய மீறாம 2024ல 1.22ல மாத்த முடிஞ்சதுக்கு காரணம், புராஜெக்ட் ஃபைல்ல 1.22ன்னு போட்டவங்களுக்கு மட்டும் புது நடத்தைன்னு வச்சதுதான். ரஸ்ட்ல எடிஷனும் இதேதான், பழைய எடிஷன்ல எழுதின லைப்ரரிய புது எடிஷன் புரோகிராம் அப்படியே சேர்த்துக்கும். பைத்தான் 2ல இருந்து 3க்கு போனப்ப இந்த கலப்பு முடியல, ஒரு புரோகிராம் முழுக்க ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு, உங்களுக்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் மாறற வரைக்கும் நீங்க மாற முடியாது, 2008 கடைசில வந்தது, பழசுக்கு சப்போர்ட்ட நிறுத்த 2020 ஆச்சு. பேக்கேஜ எல்லாரும் போட்டு எடுக்கற ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு வச்சீங்கன்னா வெளியிட்டத அழிக்க முடியாதுன்னு முதல் நாளே விதி போடுங்க, 2016ல பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் ஒண்ண அத எழுதினவர் எடுத்துட்டதுல உலகம் பூரா பில்ட் நின்னு போச்சு.

கம்பைலர உங்க லாங்குவேஜ்லயே திரும்ப எழுதற ஆசை வரும், கொஞ்ச நாள் தள்ளி வைங்க, கோ 2015ல 1.5 வர்ற வரைக்கும் அதோட கம்பைலர் சி லாங்குவேஜ்லதான் இருந்துச்சு, அதனால ஒண்ணும் கெட்டுப் போகல.

கடைசியா லைசன்ஸ். லாங்குவேஜுக்கு இது சாதாரண புராஜெக்ட் மாதிரி கிடையாது, ஏன்னா உங்க ரன்டைமும் (புரோகிராம் ஓடறப்போ கூடவே ஓடற பகுதி) ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் மத்தவங்க எழுதற ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளயும் போய் சேர்ந்துடும். கம்பைலருக்கு ஜிபிஎல் (சேர்த்து வெளியிடறதையும் அதே லைசன்ஸ்ல விடச் சொல்றது) போட்டா அதோட அவுட்புட்டுக்கு அது தொத்தாது, ரன்டைமுக்கு போட்டா தொத்தும், அதனாலதான் ஜிசிசி தன்னோட ரன்டைம் லைப்ரரிக்கு தனியா விலக்கு வச்சிருக்கு. எம்ஐடிங்கற எளிய லைசன்ஸ் போட்டா கூட அதோட காப்பிரைட் நோட்டீஸ கூடவே வச்சிருக்கணும்ங்கற நிபந்தனை இருக்கு, எல்எல்விஎம்ங்கற கம்பைலர் புராஜெக்ட் அப்பாச்சி 2.0 லைசன்ஸ எடுத்துட்டு அதுக்கு மேல ஒரு விலக்கும் சேர்த்தது, கம்பைல் ஆகும்போது உள்ள வந்து சேர்ற பகுதிக்கு யாரும் நோட்டீஸ் வைக்க வேண்டியதில்லங்கறதுக்காக. ரஸ்ட் எம்ஐடியும் அப்பாச்சியும் ரெண்டும் சேர்த்து குடுக்குது, எடுக்கறவர் இஷ்டம். உங்களுக்கு அப்பாச்சி 2.0 கூட அந்த விலக்கு போதும்னு நினைக்கறேன், பேட்டன்ட் பத்தின உறுதியும் அதுல வந்துடுது. அப்புறம் யாரும் நினைக்காத ஒண்ணு, டாக்குமென்ட்ல இருக்கற உதாரணக் கோடுக்கு என்ன லைசன்ஸ்? ஆளுங்க அத அப்படியே காப்பி பண்ணி ஆபீஸ் கோட்ல ஒட்டுவாங்க, அதுக்குத்தானே எழுதறோம். பைத்தான் 3.8.6ல இருந்து டாக்குமென்ட் உதாரணங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாத ஜீரோ கிளாஸ் பிஎஸ்டியையும் சேர்த்துக் குடுத்திருக்காங்க, நீங்களும் டாக்ஸ் ஃபோல்டர்ல அந்த ஃபைல முதல் ரிலீஸ்லயே வச்சுடுங்க. பின்னாடி மாத்தணும்னா உதாரணம் எழுதிக் குடுத்த ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் சம்மதம் கேக்க வேண்டி வரும்.